ராமானுஜனின் உயிரைப் பறித்தது காசநோயா, கல்லீரல் கட்டியா? 32 வயதில் முடிந்த ஒரு வாழ்க்கையின் மருத்துவக் கதை

தரமணி பக்கம் வேலை பார்ப்பவர்கள் ராமானுஜன் ஐ.டி. சிட்டி என்ற பெயரை கேப் ஆப்பில் எத்தனை முறை டைப் செய்திருப்பார்கள்! சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணித நிறுவனத்துக்கும் அவர் பெயர்தான். அவர் பிறந்த டிசம்பர் 22 தேசிய கணித தினம். கும்பகோணம், கேம்பிரிட்ஜ், ஹார்டி, 1729 என்று அவர் கதை நமக்கு ஓரளவு அத்துப்படி.

ஆனா, ராமானுஜன் எதனால் இறந்தார் என்று கேட்டால்? பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில், காசநோய். பாடப்புத்தகத்தில் படித்தது அதுதான். அவருக்கு சிகிச்சை தந்தவர்களும் கடைசியில் நம்பியது அதைத்தான். ஆனால் அவர் இறந்து 74 ஆண்டுகள் கழித்து, 1994-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை வேறொரு பதிலை முன்வைத்தது. அந்தப் பதில் சரி என்றால், அன்றைய மருந்தை வைத்தே அவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது.

என்ன நடந்தது? அவர் வாழ்க்கையை அவருடைய உடம்பின் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிடலாம்.

பெரியம்மையில் தப்பிய குழந்தை

1887-ல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார் ராமானுஜன். அப்பா சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள். வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில்.

இரண்டு வயதில், 1889 டிசம்பரில், அவருக்குப் பெரியம்மை கண்டது. அந்த ஆண்டு தஞ்சாவூர் ஜில்லாவில் ஆயிரக்கணக்கானோரை அந்த நோய் கொண்டுபோனது. குழந்தை பிழைத்துக்கொண்டது. தழும்பு மட்டும் முகத்தில் கடைசி வரை இருந்தது. அவருக்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்த மூன்று குழந்தைகள் கைக்குழந்தையாகவே இறந்துபோனார்கள்.

இதைக் கேட்க இன்று அதிர்ச்சியாக இருக்கலாம். அன்றைக்கு இது பல வீடுகளில் நடந்த கதை. தொற்றுநோய்தான் அந்தக் காலத்தின் பெரிய எமன். ராமானுஜனின் வாழ்க்கை நெடுக தொற்றுநோய்கள் வந்து வந்து போயின. அதில் ஒன்று போகாமல் உள்ளேயே தங்கிவிட்டதா என்பதுதான் இந்தக் கதையின் கேள்வி.

1906: சென்னையில் வந்த சீதபேதி

கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார் ராமானுஜன். 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே கடுமையான சீதபேதி. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எஃப்.ஏ. தேர்வில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்றார். அடுத்த ஆண்டும் அதே கதை.

அந்தச் சீதபேதி எங்கிருந்து வந்தது என்று இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் சென்னையின் குடிநீர் வரலாற்றில் ஒரு தகவல் இருக்கிறது. செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-லிருந்தே நகரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதை மணல் வடிகட்டியில் சுத்தம் செய்து அனுப்பும் கீழ்ப்பாக்கம் நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது 1914-ல். ராமானுஜன் கப்பல் ஏறியதும் அதே 1914-ல்தான். அதாவது, கப்பல் ஏறும் முன் அவர் சென்னையில் வாழ்ந்த அத்தனை ஆண்டுகளும் நகரம் குடித்தது வடிகட்டாத தண்ணீரை.

1909-ல் ஜானகியுடன் திருமணம். 1910 ஜனவரியில் ஹைட்ரோசீல் எனப்படும் விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை. குடும்பத்திடம் பணம் இல்லாததால் ஒரு மருத்துவர் இலவசமாகச் செய்துகொடுத்தார். அதன் பிறகு வேலை தேடி மீண்டும் சென்னை. மறுபடியும் உடல்நலக் கோளாறு. இங்கிலாந்துக்குப் போகும் முன் அவருக்கு இரண்டு தடவையாவது சீதபேதி வந்திருக்கிறது. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். 1914 மார்ச் 17-ம் தேதி நெவாசா என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜ்: சாப்பாடு, குளிர், போர்

அவர் போய்ச் சேர்ந்த நான்காவது மாதம் முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. சுத்த சைவம். கல்லூரி உணவகத்தில் சாப்பிட மனம் ஒப்பாமல் அறையிலேயே சமைத்துக்கொண்டார். போர்க்காலத்தில் காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு. கணக்கில் மூழ்கினால் ஒருநாளுக்கு ஒரு வேளை மட்டும் சமைப்பது, கண்ட நேரத்தில் தூங்குவது என்று வாழ்க்கை போனது. நாள் முழுக்க அறைக்குள், வெயில் படாமல். டெட்லைன் நேரத்தில் நம்மில் பலரும் இப்படித்தான் இருக்கிறோம். அவர் மூன்று வருடம் இப்படி இருந்தார்.

1917-ன் இளவேனிலில் உடம்பு விழுந்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை குறைவு, வயிற்றுப் பக்கம் வலி. கேம்பிரிட்ஜில் ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தார்கள்.

முதலில் மருத்துவர்கள் சந்தேகப்பட்டது இரைப்பைப் புண். அதாவது அல்சர். பிறகு காசநோய் என்றார்கள். இன்னொரு கட்டத்தில், பழைய அறுவை சிகிச்சையை வைத்து, புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கலாமோ என்ற சந்தேகமும் எழுந்தது. ரத்தத்தில் விஷம் கலந்திருக்கலாம் என்றும் ஒரு யூகம். ஒரே உடம்பு, நான்கு யூகங்கள். கடைசியில் நிலைத்தது காசநோய்தான்.

சானடோரியம் என்றால் என்ன?

1882-லேயே காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து 1940-கள் வரை கிடையாது. எனவே அன்றைய சிகிச்சை என்பது சுத்தமான காற்று, ஓய்வு, நிறைய சாப்பாடு. அதற்காகவே மலைப்பகுதிகளில் கட்டப்பட்ட மருத்துவமனைகள்தான் சானடோரியங்கள். குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்தே வைப்பார்கள். அறையில் கணப்பு இருக்காது.

ராமானுஜன் முதலில் போனது மெண்டிப் மலைப்பகுதியில் இருந்த ஒரு சானடோரியம். அதை நடத்தியவர் டாக்டர் சவுரி முத்து. ஆமாம், தமிழர். 1914-ல் ராமானுஜன் போன அதே கப்பலில் அவரும் பயணம் செய்திருந்தார். இந்தப் பெயருக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு இருக்கிறது. 1928-ல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் இவர்தான். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் போகும்போது தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷன் வருகிறதே, அந்தப் பெயருக்குக் காரணம் அந்த மருத்துவமனைதான்.

அங்கிருந்து டெர்பிஷயரில் உள்ள மேட்லாக் சானடோரியத்துக்கு மாற்றப்பட்டார். குளிர் அவரை வாட்டியது. சைவச் சாப்பாடு சரியாகக் கிடைக்கவில்லை. சுயமாகச் சமைக்கவும் வழியில்லை. காற்றும் சாப்பாடும்தான் மருந்து என்ற இடத்தில், காற்று அவருக்கு எதிரியாக இருந்தது, சாப்பாடு வயிற்றுக்குள் போகவே இல்லை. ஊரிலிருந்து கடிதங்களும் அபூர்வமாகத்தான் வந்தன. அங்கே மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் சண்டை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்கு வந்து சேரவே இல்லை.

1918-ன் தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் தண்டவாளத்தில் குதித்தார் ராமானுஜன். ஊழியர் ஒருவர் சரியான நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தியதால், ரயில் சில அடி தூரத்தில் நின்றது. காலில் காயங்களோடு பிழைத்தார். வழக்கு வராமல் ஹார்டி பார்த்துக்கொண்டார். நீண்டநாள் நோய், தனிமை, மன அழுத்தம் மூன்றும் எவ்வளவு நெருங்கிய உறவினர்கள் என்பதை இன்றைய மருத்துவம் தெளிவாக ஏற்கிறது. அன்று அவருடைய மனதுக்கு யாரும் மருந்து பார்க்கவில்லை. (மன உளைச்சலில் இருப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.)

அதே 1918-ல், மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ. அந்தக் கல்லூரியில் அந்தப் பதவிக்குத் தேர்வான முதல் இந்தியர் அவர். கொஞ்சம் எடையும் கூடியது. ஹார்டி டாக்ஸியில் வந்த எண் 1729 என்ற கதை நடந்தது லண்டனின் பட்னி பகுதியில் அவர் நோயாளியாகப் படுத்திருந்த மருத்துவ விடுதியில்தான். எண்ணை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், கட்டிலை மறந்துவிட்டோம்.

மயிலாப்பூர், கொடுமுடி, சேத்துப்பட்டு

போர் முடிந்து கடல் பயணம் பாதுகாப்பானதும், 1919 பிப்ரவரியில் கிளம்பி ஏப்ரல் 2-ம் தேதி சென்னை வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக இறங்கியவரைப் பார்த்து வீட்டினர் கலங்கினர். முதலில் தங்கவைக்கப்பட்டது எட்வர்டு எலியட்ஸ் ரோட்டில் ஒரு பங்களாவில். இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைதான் அது. பிறகு மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் ஒரு வீடு. கோடை வந்ததும் காவிரிக் கரையில் கொடுமுடி, அப்புறம் கும்பகோணம், 1920 ஜனவரியில் மறுபடி சென்னை. கடைசியாக சேத்துப்பட்டு.

சென்னையில் அவரைப் பார்த்தவர் டாக்டர் பி.எஸ். சந்திரசேகர், காசநோய் நிபுணர். அவரது முடிவும் காசநோய்தான். இருபது வயதைச் சுற்றி இருந்த ஜானகி, காய்ச்சலும் வலியும் வரும்போதெல்லாம் ஒத்தடம் கொடுத்தபடி பக்கத்திலேயே இருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பைச் சொன்னார். அந்தக் கடைசி ஓராண்டில் எழுதிய தாள்கள்தான், 1976-ல் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த காணாமல்போன நோட்டுப்புத்தகம். கணித உலகம் இன்னமும் அதில் வேலை பார்க்கிறது.

1920 ஏப்ரல் 26. சேத்துப்பட்டில் ராமானுஜன் காலமானார். வயது 32. கடல் கடந்து போனவர் என்பதால் உறவினர்களில் பலர் இறுதிச்சடங்குக்கு வரவில்லை.

1994: ஒருவர் மறுபடியும் கேஸ் ஷீட்டைத் திறந்தார்

டி.ஏ.பி. யங் என்பவர், ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். கடிதங்களிலும் நினைவுக்குறிப்புகளிலும் சிதறிக்கிடந்த அறிகுறிகளை வரிசைப்படுத்திப் பார்த்து அவர் வந்து சேர்ந்த முடிவு, கல்லீரல் அமீபா நோய்.

அது எப்படி வருகிறது? ஸ்டெப் ஸ்டெப்பாகப் பார்த்தால் சுலபம்.

1. என்டமீபா ஹிஸ்டோலிடிகா என்பது ஒரு செல் ஒட்டுண்ணி. மனித மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாக, கெட்டியான கூட்டுக்குள் அடைபட்ட வடிவத்தில் வயிற்றுக்குள் போகும். வயிற்று அமிலம் அந்தக் கூட்டை ஒன்றும் செய்யாது.

2. குடலில் கூடு உடைந்து அமீபா வெளியே வரும். பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. சிலருக்குப் பெருங்குடல் சுவரை அரித்துப் புண்ணாக்கும். ரத்தமும் சளியுமாகப் போகும். அதுதான் அமீபா சீதபேதி.

3. சீதபேதி தானாக நின்றுவிடலாம். நோய் போய்விட்டது என்று நினைப்போம். ஆனால் அமீபா குடலிலேயே மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தங்கியிருக்கும்.

4. குடலிலிருந்து ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அந்த வழியில் அமீபாவும் போய்ச் சேர்ந்தால், கல்லீரல் திசுவை அழித்து, உள்ளே சீழ் போன்ற திரவம் நிறைந்த கட்டியை உண்டாக்கும்.

5. அப்போது வரும் அறிகுறிகள்: விட்டுவிட்டுக் காய்ச்சல், குளிர் நடுக்கம், வலது விலாவுக்குக் கீழே வலி, எடை குறைவு, ரத்தச்சோகை. பெண்களைவிட நடுவயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கே இது பல மடங்கு அதிகம்.

இப்போது ராமானுஜனின் கேஸை வைத்துப் பாருங்கள். இளம் ஆண். முன்பு இரண்டு தடவை சீதபேதி. காய்ச்சல், வலி, இளைப்பு. சீதபேதி வந்த வரலாறு நோயைக் கண்டுபிடிக்கும் சாவி என்கிறார் யங்.

மனதைப் பிசைவது அடுத்த தகவல். 1912-லேயே கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் என்ற மருத்துவர், எமிட்டின் ஊசியால் அமீபா நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டிவிட்டார். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துதான், ஆனால் வேலை செய்தது. முதல் உலகப்போரில் இந்த நோயோடு திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் பலர் அதே காலத்தில் குணமாகிக்கொண்டிருந்தார்கள்.

அப்போ, காசநோய் இல்லவே இல்லையா?

அப்படி அடித்துச் சொல்லிவிட முடியாது. யங்கின் முடிவு வலுவான வாதம்தான், தீர்ப்பு அல்ல. ஸ்கேன் இல்லை, திசு மாதிரி இல்லை. காசநோய் நுரையீரலில் மட்டும்தான் வரும் என்பதும் இல்லை. வயிற்றுக் காசநோய்க்கும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள்தான். ஊட்டச்சத்து இல்லாத உடம்பு காசநோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் என்பதும் உண்மை.

ஜானகி பக்கத்திலேயே இருந்தும் நோய் தொற்றாமல் முதுமை வரை வாழ்ந்தாரே, அதனால் அது காசநோய் இல்லை என்று சிலர் நினைக்கலாம். அதுவும் ஆதாரம் ஆகாது. காசநோய்க் கிருமி உடம்புக்குள் போகும் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்களுக்கு அது தூங்கிக்கொண்டே இருக்கும்.

நோயியலில் அடிப்படைப் பாடம் இது. அறிகுறி வேறு, நோய் வேறு. காய்ச்சலும் எடைக்குறைவும் பல நோய்களின் பொது மொழி. எந்த நோய் பேசுகிறது என்று கண்டுபிடிக்கப் பழைய வரலாறு, பரிசோதனை, திசு மூன்றும் வேண்டும். ராமானுஜனுக்கு முதலாவது மட்டும் இருந்தது. அதை யாரும் இந்தக் கோணத்தில் பயன்படுத்தவில்லை.

சேத்துப்பட்டு தந்த பதில்

அவர் இறந்த சேத்துப்பட்டில்தான் 1956-ல் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அது. சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு சானடோரியத்தில் மாத்திரை, இன்னொரு குழுவுக்கு வீட்டிலேயே மாத்திரை. முடிவு 1959-ல் வெளியானது. இரண்டு குழுக்களுக்கும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை.

அந்த முடிவு உலகத்தையே மாற்றியது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் குளிரில் படுக்கவைக்க வேண்டியதில்லை, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும் என்று நிரூபித்தது சென்னை. ராமானுஜனுக்கு வந்தது காசநோயே என்று வைத்துக்கொண்டாலும், மருந்து இருந்திருந்தால் அவர் அனுபவித்த அந்தத் தனிமை தேவைப்பட்டிருக்காது.

இன்று இதே அறிகுறிகளோடு ஒருவர் வந்தால்?

வயிற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. பெரும்பாலும் ஓரிரு நாளில் விடை தெரிந்துவிடும். அமீபா கட்டி என்றால் மெட்ரோனிடசோல் மாத்திரை. அதன் பிறகு குடலில் மிச்சமிருக்கும் அமீபாவைக் கொல்ல இன்னொரு மருந்து. பலர் முதல் மாத்திரையோடு நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. காசநோய் என்றால் பொதுவாக ஆறு மாதக் கூட்டு மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம்.

அமீபா இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. அதன் கூடு, குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினுக்கு எளிதில் சாகாது. கொதிக்கவைத்தால் செத்துவிடும். உலகக் காசநோயாளிகளில் சுமார் கால் பங்கு இந்தியாவில்தான் இருக்கிறார்கள். இரண்டு நோயுமே நம்முடன்தான் இருக்கின்றன.

எனவே மூன்று விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலோ இருமலோ இருந்தால், காரணம் தெரியாமல் எடை குறைந்தால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது, பல வருடம் முன்னால் வந்த சீதபேதி, மஞ்சள் காமாலை, செய்துகொண்ட ஆபரேஷன் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும். சிகிச்சை எடுத்தும் சரியாகவில்லை என்றால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கத் தயங்காதீர்கள்.

ராமானுஜனின் நான்கு யூகங்களுக்கு நடுவே ஐந்தாவதாக ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது இனி தெரியப்போவதில்லை. அதே கேள்வியை நம் வீட்டில் காய்ச்சலில் படுத்திருப்பவருக்காக நாம் கேட்க முடியும்.